விசர்நாய்க்கடி: தடுப்பூசியும் சீரமும்

எங்கள் ஒழுங்கையில் ஒரு பெடியனை நாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. ஆச்சி மஞ்சளோடு ஓடி வந்தா; நல்லகாலம், தாய் விடவில்லை. குழாயடியில் 15 நிமிடம் சவர்க்காரம் போட்டுக் கழுவினா. ஆஸ்பத்திரியில் தடுப்பூசி, சீரம் இரண்டும் போட்டார்கள். ஏன் இரண்டு?

தடுப்பூசி, கிருமியோடு சண்டை பிடிக்க உடம்புக்குப் பழக்குகிறது. அதற்கு ஒரு கிழமைக்கு மேல் எடுக்கும். பலன் நீண்ட நாள் நிற்கும், ஆனால் சொன்ன திகதிகளில் திரும்பத் திரும்பப் போகவேண்டும்.

சீரத்தில் எதிர்ப்புச் சக்தி ஆயத்தமாகவே இருக்கிறது. மனித இரத்தத்திலோ குதிரை இரத்தத்திலோ எடுப்பது. காயத்துக்குள்ளும் சுற்றியும் ஏற்றுவார்கள். நோகும், பெடியன் கத்தின கத்து இன்னும் காதில் நிற்குது. ஆனால் உடனே வேலை செய்யும். ஒருமுறைதான், முதல் தடுப்பூசி போட்டு 7 நாள் தாண்டினால் சீரம் போடமாட்டார்கள்.

இரத்தம் வராத சின்னக் கீறலுக்குத் தடுப்பூசி போதும். இரத்தம் வந்தால் இரண்டும். முன்பே முறையாகத் தடுப்பூசி போட்டவருக்குச் சீரம் தேவையில்லை.

என்னைக் கேட்டால், சீரம் போட்டாச்சுதானே என்று மிச்ச ஊசிகளை விடுவதுதான் பெரிய பிழை. சீரத்தின் பலன் சில கிழமைகளில் கரைந்துவிடும்.