மணிக்கட்டா, முழங்கையா, விரலா? கம்பிதம் பழகின கைக்கு எந்த வைப்ராட்டோ

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வயலின் படிக்கிற பிள்ளைகளில் கனபேர் சம்மணம் கட்டி இருந்து, வட இலங்கை சங்கீத சபைத் தேர்வுக்காகத்தான் முதலில் பழகுகிறார்கள். பிறகு தேவாலயப் பாடகர் குழுவுக்கோ பள்ளிக்கூட மேலைத்தேய வாத்தியக் குழுவுக்கோ கூப்பிடுவார்கள். அங்கே போனதும் நீட்டுச் சுரத்தை மொட்டையாக விடாதே, வைப்ராட்டோ கொடு என்பார்கள். விரலை ஆட்டிச் சுருதியை மெல்ல அலையவிடுவதுதான் வைப்ராட்டோ. தேடிப் பார்த்தால் மணிக்கட்டு, முழங்கை, விரல் என்று மூன்று வழி இருக்கும். இப்படி வருகிற பிள்ளைக்கு நான் மணிக்கட்டைத்தான் முதலில் சொல்லுவேன்.

காரணம் கம்பிதம், கர்நாடக இசையில் சுரத்தை அசைத்து வாசிக்கிற கமகம். தோடி ராகத்தின் காந்தாரத்தை வாசிக்கும்போது விரல் தந்தியில் வழுக்கி, ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையில் போய்வருகிறது, அந்த அசைவு இல்லாவிட்டால் அது தோடியே இல்லை. வைப்ராட்டோவில் விரல் நுனி வழுக்கவே கூடாது. அழுத்தின இடத்திலேயே நுனி நிற்க, விரலின் சதை மட்டும் முன்னும் பின்னும் உருள வேண்டும், சுருதி ஒரு நூல் கீழே இறங்கித் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான். இருந்து வாசித்துப் பழகின பிள்ளைக்குக் கை முழுவதையும் நகர்த்திச் சுரத்தைப் பிடிக்கிற பழக்கம் ஏற்கெனவே ஊறியிருக்கிறது. அவருக்கு முழங்கை வைப்ராட்டோவை முதலில் கொடுத்தால் கை தெரிந்த வழியிலேயே ஓடும், நுனி வழுக்கும், ஞானப்பாட்டுக்குள் அரைகுறைக் கம்பிதம் வந்து நிற்கும். மணிக்கட்டு அசைவு அந்தக் கைக்கு முழுக்கப் புதிது, அதனால் இரண்டும் குழம்புவதில்லை.

முழங்கை வழியைக் குறைத்துச் சொல்லவில்லை. முன்னங்கை முழங்கையிலிருந்து ஆடுவதால் அலை அகலமாக விழும், தடித்த தந்திகளில் பெரிய, நிறைந்த நாதம் வரும். சின்ன விரலுக்குப் பலம் போதாத பிள்ளைக்கும் கை முழுவதும் பின்னால் நிற்பது உதவி. ஆனால் தோள் இறுகினால் எல்லாம் கெட்டுவிடும், அகலத்தை அடக்குவதும் கஷ்டம்.

விரல் வைப்ராட்டோ ஒடுக்கமானது, வேகமானது. மேல் ஸ்தாயியில் சுரங்கள் நெருக்கமாக இருக்கிற இடத்திலும், நீளம் குறைந்த சுரங்களுக்கும் அது நல்லது. தொடக்கத்துக்கு வேண்டாம்.

இவை மூன்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இருந்து வாசிக்கும்போது வயலினின் தலை காலில் ஊன்றி நிற்கிறது, இடது கைக்குப் பாரமே இல்லை. எழுந்து நின்றதும் அந்த ஊன்று போய்விடும், வாத்தியம் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் பிள்ளை பெருவிரலாலும் சுட்டுவிரலின் அடியாலும் வயலினின் கழுத்தை இறுக்கிப் பிடிக்கும். பெருவிரல் நகத்தைப் பாருங்கள், வெளிறியிருந்தால் வைப்ராட்டோவைப் பற்றிக் கதைக்கவே தேவையில்லை. ஷோல்டர் ரெஸ்ட் (வயலினுக்கு அடியில் மாட்டுகிற தோள்தாங்கி) போட்டு, தோளும் தாடையும் வாத்தியத்தைத் தாங்குமளவுக்கு நின்று பழகட்டும். சுவரில் ஒரு துணியை மடித்து வைத்து வயலினின் தலையை அதில் லேசாக முட்டக்கொடுத்தால், இடது கை பயமில்லாமல் தளரும். இதைக் கிழமைக்கணக்கில் செய்தாலும் நட்டமில்லை.

அப்புறம் தீப்பெட்டிக்குள் கொஞ்சம் அரிசி போட்டு, இடது கையில் பிடித்து மணிக்கட்டால் மட்டும் ஆட்டச் சொல்லுங்கள். சத்தம் ஒரே சீராக வருகிறதா என்று காதே சொல்லிவிடும். சீரானதும் வயலினில் மூன்றாம் நிலைக்குப் போய் (கழுத்தின் நுனிப் பக்கம் கை இருப்பது முதல் நிலை, அங்கிருந்து வாத்தியத்தின் உடல் பக்கம் நகர்ந்து வருவது மூன்றாம் நிலை), உள்ளங்கையின் அடிப்பாகத்தை வாத்தியத்தின் உடலில் சாய்த்து, நடுவிரலை வைத்து அதே அசைவைச் செய்ய வேண்டும். அந்தச் சாய்வு முன்னங்கையை நிறுத்திவிடுவதால் மணிக்கட்டுக்கு ஆடுவதைத் தவிர வேறு வழியில்லை. மெற்றோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒரு தட்டுக்கு இரண்டு அலை, பிறகு மூன்று, பிறகு நான்கு. நல்ல வயலின் வைப்ராட்டோ செக்கனுக்கு ஐந்தாறு அலை என்ற அளவில் ஓடும், அதற்கு அவசரப்பட்டால் வருவது நடுக்கம்தான். இரவு எட்டு மணிக்கும் வேர்க்கிற எங்கள் பக்கத்தில் விரலும் கழுத்தும் ஈரமாகிப் பிசுபிசுக்கும், பக்கத்தில் ஒரு பருத்தித் துணி கட்டாயம். இன்னொன்று, கர்நாடக வாசிப்புக்கு விரலில் எண்ணெய் தொட்டுக்கொள்கிற வழக்கம் இருந்தால் இந்தப் பயிற்சிக்கு முன் அதை நன்றாகத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் விரலில் நுனி நிற்காது.

கிற்றார் பிள்ளைகளும் கேட்பார்கள். நைலோன் தந்தியில் விரலைத் தந்தியின் நீளவாட்டில் ஆட்டினால் சுருதி மேலும் கீழும் போகும். எலக்ட்ரிக் கிற்றாரில் வழக்கமாகச் செய்வதுபோலத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் ஏறுவது மட்டும்தான் நடக்கும். வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் பிடிப்பதும் அந்தக் கணக்குத்தான். வயலினின் கழுத்தில் வீணை, கிற்றார் போல மெட்டுக்கட்டைகள் இல்லாததால் இந்தப் பாடத்தை அப்படியே கொண்டுவர முடியாது.

எவ்வளவு கொடுப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பழைய வயலின் மேதை யோசப் யோவாக்கிம் 1903 இல் பதிந்த இசைத்தட்டுகளைக் கேளுங்கள், பல சுரங்கள் வெறுமையாகவே நிற்கும், வைப்ராட்டோ அங்கங்கேதான் வரும். அவருக்குப் பின் வந்த வயலின் கலைஞர் கிரைஸ்லரின் பதிவுகளில் அது விடாமல் ஓடும். இரண்டும் அழகு, ஆனால் பழகுகிற பிள்ளை யோவாக்கிம் மாதிரித்தான் தொடங்க வேண்டும். வரியின் கடைசி நீட்டுச் சுரத்துக்கு மட்டும் கொடுக்கட்டும், மற்றவை சுத்தமாக நிற்கட்டும், அப்போதுதான் சுருதிப் பிழை ஒளிந்துகொள்ளாது. கர்நாடகக் கீர்த்தனைக்குத் திரும்பும்போது இதை முழுசாகக் கழற்றிவிட வேண்டும். ஸட்ஜமும் பஞ்சமமும் அசையாச் சுரங்கள், தேவாலயத்தில் பழகின கை அவற்றையும் ஆட்டப் பார்க்கும், அந்த இடத்தில் ஆசிரியர் விட்டுக்கொடுக்கவே கூடாது.

முதல் நிலையில், உடலில் சாய்க்காமல், நான்கு விரலிலும் மணிக்கட்டு அலை சீராக வந்த பிறகு முழங்கை வழியைத் தொடங்கலாம். அதற்குள் விரல் நுனி நிற்கப் பழகியிருக்கும்.