ஊரெல்லாம் புகை, அபராதம் மட்டும் எங்களுக்கு

கான்சஸ் மாநிலத்தின் ஃபிளின்ட் ஹில்ஸ் புல்வெளியில் குடும்பத்தோடு கேபின் எடுத்துத் தங்க நினைப்பவர்கள், அதுவும் மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ போகத் திட்டமிடுபவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். வாடகையை முழுதாக வாங்கிக்கொண்ட ஒரு நிறுவனம், நாங்கள் வீடு திரும்பிய பிறகு, "கேபினுக்குள் புகைபிடித்ததற்கான அபராதம்" என்று 350 டாலரை எங்கள் கிரெடிட் கார்டிலிருந்து எடுத்துக்கொண்டது. எங்கள் குடும்பத்தில் சிகரெட்டைக் கையால் தொட்டவர்கூட இல்லை. அப்பா வெற்றிலை போடுவார். அதையும் சென்னையில் விமானம் ஏறும் முன்பே விட்டுவிட்டார்.

நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவில் கொடுத்த புகார் இன்னும் முடியவில்லை. பெயர் தெரியாவிட்டாலும் நடந்த விதம் தெரிந்தால் போதும், இப்படிப்பட்டவர்களை நீங்களே அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

நாங்கள் இருப்பது கான்சஸ் சிட்டி பக்கம். மன்னார்குடியிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். கடைகளையும் கோயிலையும் சுற்றிக் காட்டியாயிற்று. "வயல்வெளி மாதிரி எங்காவது கூட்டிக்கொண்டு போம்மா" என்று அப்பா கேட்டார். இந்தப் பக்கத்தில் அதற்கு ஃபிளின்ட் ஹில்ஸைவிட நல்ல இடம் கிடையாது. எம்போரியா வழியாகக் காரில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். வட அமெரிக்காவின் நடுவில் ஒரு காலத்தில் 17 கோடி ஏக்கருக்குப் பரவியிருந்த, புல் உயரமாக வளரும் புல்வெளியில் இன்று 4 விழுக்காடுகூட மிச்சமில்லை. மிச்சமிருப்பதில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. மண்ணுக்கு அடியில் சிக்கிமுக்கிக் கல் கலந்த சுண்ணாம்புப் பாறை. கலப்பை இறங்கவில்லை, அதனால் புல் தப்பித்தது. ஸ்ட்ராங் சிட்டிக்கு அருகில் 1996இல் அமைந்த தேசியப் புல்வெளிக் காப்பகம் ஏறக்குறைய 11,000 ஏக்கர். 2009இல் அங்கே காட்டெருமைகளை மறுபடி கொண்டுவந்து விட்டார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. இடத்தின் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை, தாராளமாகப் போங்கள். என் சண்டை கேபின்காரர்களோடு மட்டும்தான்.

அவர்களுடைய இணையதளத்தில் இருந்த படங்களை நீங்கள் பார்த்திருந்தால் நீங்களும் பதிவு செய்திருப்பீர்கள். மார்பளவு செம்பழுப்புப் புல், அதற்கு நடுவில் மரவீடு, முன்தளத்தில் சாய்வு நாற்காலி, பத்தடி தூரத்தில் மேய்கிற மாதிரி ஒரு காட்டெருமைக் கூட்டம். மேலே "ஏப்ரல் சலுகை" என்று ஒரு பட்டை. கீழே வசதிகளின் பட்டியல்: முழுச் சமையலறை, வெப்பமூட்டி, புயல் காப்பறை, "முழு அமைதி". ஓர் இரவுக்கு 179 டாலர் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். கடைசிப் பக்கத்துக்குப் போனால் துப்புரவுக் கட்டணம் 140, "பண்ணைப் பராமரிப்பு" 60 என்று ஏறிக்கொண்டே போகிறது. 2025 மே மாதம் முதல், தங்குமிட வாடகையைக் காட்டும்போது கட்டாயக் கட்டணங்கள் அனைத்தையும் சேர்த்த மொத்தத் தொகையையே முதலில் காட்ட வேண்டும் என்பது அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் விதி. அந்த விதி இருப்பதே இவர்களுக்குத் தெரியாதது போலத்தான் நடந்துகொண்டார்கள்.

சின்னவனுக்கு வீசிங் உண்டு. அதனால் பணம் கட்டும் முன் நான் மின்னஞ்சல் எழுதிக் கேட்டேன்: ஏப்ரலில் அங்கே காற்று எப்படி இருக்கும், குழந்தைக்கு மூச்சுத் தொந்தரவு இருக்கிறது, வரலாமா? மறுநாளே பதில் வந்தது. நகரத்து மாசு எதுவும் இல்லாத சுத்தமான புல்வெளிக் காற்று, குழந்தைக்கு மிகவும் நல்லது, தயங்காமல் வாருங்கள் என்று எழுதியிருந்தார்கள். இந்த மின்னஞ்சலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேலைக்கு வருகிறது.

போய் இறங்கினால் கண்ணுக்கு எட்டிய வரை கரி. புல் இல்லை, தரை கறுப்பு. வேலிக் கம்பங்களின் அடிப்பகுதி தீய்ந்திருந்தது. மேற்கே குன்றுகளுக்குப் பின்னால் வரிசையாகப் புகைத் தூண்கள். "யார் நிலத்திலம்மா தீப்பிடித்தது?" என்று அப்பா பதறிவிட்டார். யார் நிலத்திலும் தீப்பிடிக்கவில்லை, அவரவரே வைத்த தீ. இங்குள்ள மாட்டுப் பண்ணைக்காரர்கள் ஒவ்வொரு வசந்த காலத்திலும் மேய்ச்சல் நிலத்தைக் கொளுத்துகிறார்கள். எரித்த தரையில் முளைக்கும் இளம்புல்லில் கன்றுகளுக்கு நன்றாகச் சதை பிடிக்கும். கொளுத்தாமல் விட்டால் சிடார் மரங்கள் ஏறி சில ஆண்டுகளில் புல்வெளியே காடாகிவிடும். வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்பே இங்கிருந்த கான்சா பழங்குடியினரும் இப்படித்தான் தீ வைத்துப் புல்லைப் புதுப்பித்தார்கள். விஷயம் புரிந்ததும் அப்பா சமாதானமாகிவிட்டார். "நம் பக்கம் கரும்பு வெட்டியதும் சோகை கொளுத்துவார்களே, அதுதான் மாப்பிள்ளை இது" என்று என் கணவருக்கே விளக்கத் தொடங்கினார். இரவில் குன்றுகளின் மேல் ஒரு செந்நிறக் கோடு மெல்ல நகர்ந்துபோவதைப் பார்க்க உண்மையாகவே அழகாக இருந்தது. அதைப் பார்ப்பதற்கென்றே பணம் கொடுத்து வருகிறவர்களும் உண்டு.

ஆகவே தீ வைத்ததை நான் மோசடி என்று சொல்லவில்லை. ஆண்டுதோறும் ஏப்ரலில் இது நடக்கும் என்பது அந்த வட்டாரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். புகையைக் கட்டுப்படுத்த 2010இல் தனியாக ஒரு திட்டமே வகுத்தார்கள். மாநிலச் சுகாதாரத் துறை ஏப்ரல் வந்தால் காற்று எச்சரிக்கை விடுகிறது. புகை பக்கத்து நெப்ராஸ்காவின் லிங்கன் நகரம் வரை போய்விடுகிற நாட்களும் உண்டு. இவ்வளவும் தெரிந்தவர்கள், வீசிங் உள்ள குழந்தை என்று எழுதிக் கேட்ட தாயிடம் "சுத்தமான காற்று" என்று பதில் எழுதினார்களே, அதைத்தான் மோசடி என்கிறேன்.

கேபினின் முன்கதவை மூடினாலும் அடியில் என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. ஜன்னல் சட்டங்களில் இருந்த ரப்பர் காய்ந்து உதிர்ந்திருந்தது. இருட்டுவதற்குள் அறைக்குள் கண் எரிய ஆரம்பித்துவிட்டது. ஈரத்துண்டுகளைக் கதவடியில் திணித்தோம், சின்னவனுக்கு இன்ஹேலர் கொடுத்தோம். நிறுவனத்துக்குப் போன் செய்து, இந்தப் புகையில் பிள்ளையை வைத்துக்கொண்டு இருக்க முடியாது, பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்றேன். "அது இயற்கை மேடம், அதற்கு நாங்கள் பொறுப்பில்லை" என்றார் எடுத்தவர். அந்த அழைப்பின் நேரமும் கால அளவும் என் போனில் பதிவாகியிருந்தன. இதுவும் பிறகு உதவியது.

இரவு வெப்பமூட்டி நின்றுவிட்டது. கிராமப்புறத்தில் குழாய் எரிவாயு கிடையாது. வீட்டுக்கு வெளியே வெள்ளை நிறத்தில் நீளமான புரோபேன் தொட்டி இருக்கும். அதன் மேல்மூடியைத் தூக்கினால் உள்ளே முள் வைத்த ஒரு சிறிய வட்டம் எத்தனை விழுக்காடு மிச்சம் என்று காட்டும். 80 வரைதான் நிரப்புவார்கள், 20க்குக் கீழே இறங்கும் முன் ஆள் வரவழைத்து நிரப்பிவிட வேண்டும் என்பது நாட்டுப்புறத்தில் எல்லோரும் பின்பற்றுகிற வழக்கம். என் கணவர் டார்ச் அடித்துப் பார்த்தபோது முள் 5க்கும் கீழே கிடந்தது. மறுபடி போன் செய்தோம். அவசரமாக நிரப்ப வண்டி வர 175 டாலர் ஆகும், அதை விருந்தினர்தான் தர வேண்டும் என்றார்கள். முடியாது என்று இவர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். வெகுநேரம் கழித்துப் பக்கத்துப் பண்ணையிலிருந்து ஓர் இளைஞர் இரண்டு மின்சார ஹீட்டர்களோடு வந்தார். கேபின்காரர்களிடம் கூலிக்கு வேலை பார்ப்பவர்தான். புகையில் இருமிக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. ஏப்ரலில் குடும்பங்களை இங்கே அனுப்பாதீர்கள் என்று பலமுறை அலுவலகத்தில் சொல்லிவிட்டேன் என்றார். காலையில் தன் வீட்டிலிருந்து நான்கு கேன் குடிதண்ணீரும் கொண்டுவந்து இறக்கினார். அந்த ஊரில் எங்களுக்கு நல்லது செய்த ஆள் அவர் ஒருவர்தான்.

தண்ணீர் கேன் எதற்கென்றால், கேபினின் கிணற்று நீரில் அழுகிய முட்டை வாடை. "இந்தத் தண்ணீரில் நான் உலை வைக்க மாட்டேன்" என்று அம்மா பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டார். அலமாரிக் கதவின் உட்புறத்தில் "குடிக்க உகந்ததல்ல" என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. இணையதளத்தில் அதைப் பற்றி மூச்சுகூட இல்லை. தனியார் கிணறுகள் அமெரிக்காவின் கூட்டரசுக் குடிநீர்ச் சட்டத்துக்குள் வருவதில்லை, சோதனை செய்வது உரிமையாளரின் பொறுப்பு. ஆண்டுக்கு ஒரு முறையாவது பாக்டீரியாவுக்கும் நைட்ரேட்டுக்கும் சோதிக்கச் சொல்கிறார்கள். நீங்கள் பதிவு செய்யும்போது அந்தச் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். இருப்பவர்கள் உடனே அனுப்பிவிடுவார்கள்.

"முழு அமைதி" என்று போட்டிருந்தார்கள் அல்லவா? சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போகும் பெரிய சரக்கு ரயில் பாதை இந்தப் பகுதி வழியாகத்தான் செல்கிறது. கேபினுக்கு அருகிலேயே சாலையும் தண்டவாளமும் சந்திக்கும் ஒரு கிராசிங். அங்கே ஒவ்வொரு வண்டியும் ஹாரன் அடித்தே ஆக வேண்டும், அது சட்டம்: இரண்டு நீண்ட ஒலி, ஒரு குட்டை ஒலி, மறுபடி ஒரு நீண்ட ஒலி. வண்டி கிராசிங்கைத் தொடும் வரை அது ஓயாது. இரவு முழுவதும் வண்டிகள். பெரியவள் காலையில் அதே தாளத்தை மேசையில் தட்டிக் காட்டினாள். ரயிலைக் குறை சொல்லி என்ன பயன், அது நூறாண்டுக்கு மேலாக அங்கேதான் ஓடுகிறது. வரைபடத்தில் கேபினின் இடத்தை ஊர்ப்பெயரோடு நிறுத்திக்கொண்டு, சரியான முகவரியைப் பணம் கட்டிய பிறகே கொடுத்தார்களே, அதன் காரணம் அன்றிரவு புரிந்தது.

புயல் காப்பறைக் கதவில் துருப்பிடித்த பூட்டு. சாவி யாரிடமும் இல்லை. கான்சஸில் ஏப்ரல் என்றால் சூறாவளிப் பருவம். காட்டெருமைகளோ, காப்பகத்தின் வேலிக்குள் பல மைல் தள்ளி இருந்தன. படத்தில் இருந்தவை அங்கே எடுக்கப்பட்டவை.

மறுநாளே கிளம்பிவிட்டோம். வழியில் காட்டன்வுட் ஃபால்ஸில் 1873இல் கட்டிய சுண்ணாம்புக்கல் நீதிமன்றத்தைப் பார்த்தோம். இன்றும் அதில் வழக்கு நடக்கிறது என்று தெரிந்ததும் அப்பா அதை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார்.

பிறகுதான் அந்த அபராதம். துப்புரவுப் பணியாளர் "உள்ளே கடுமையான புகை வாடை" என்று குறிப்பு எழுதியிருக்கிறாராம். திரைச்சீலைகளை வெளுக்க 350 டாலர். என்ன ஏது என்று எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை, நேராகக் கார்டில் எடுத்துவிட்டார்கள். மாவட்டம் முழுவதும் பற்றி எரிந்துகொண்டிருந்த வாரத்தில் ஒரு வீட்டில் புகை வாடை அடித்தால், அதற்குக் காரணம் பேரப்பிள்ளையோடு வந்த மன்னார்குடிப் பெரியவராம்.

கார்டு வங்கிக்கு எழுத்து மூலமாக மறுப்பு அனுப்பினேன். இதற்குச் சட்டப்படி கெடு உண்டு: அந்தத் தொகை இடம்பெற்ற பில் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் வங்கியிடம் கடிதம் சேர வேண்டும். சேர்ந்த 30 நாளுக்குள் வங்கி ஒப்புதல் தர வேண்டும், அதிகபட்சம் 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சுத்தமான காற்று என்ற அவர்களுடைய மின்னஞ்சல், "அது இயற்கை மேடம்" அழைப்பின் பதிவு, அந்த நாட்களின் மாநிலப் புகை எச்சரிக்கைகள், கறுத்த தரையோடு நாங்கள் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் இணைத்தேன். புகையைப் பற்றி நாங்களே போன் செய்து புகார் சொன்னோம் என்பதைப் பார்த்ததும் வங்கிக்கு வேறு கேள்வி இருக்கவில்லை. 350 டாலரும் திரும்பிவிட்டது. வாடகை திரும்பவில்லை. ஓர் இரவு தங்கிவிட்டீர்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதற்காகத்தான் அட்டர்னி ஜெனரல் அலுவலகப் புகார்.

இவர்கள், வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் ஸெல் (Zelle) சேவை மூலம் அனுப்பினால் பத்து விழுக்காடு குறைப்போம் என்றும் கேட்டிருந்தார்கள். அப்படி நாமே அனுப்பிய பணத்தை மீட்பது ஏறக்குறைய நடக்காத காரியம். கிரெடிட் கார்டைத் தவிர வேறு வழியில் வாங்க விரும்புகிறவர்களிடம் அறை எடுக்காதீர்கள். கிராசிங் எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சரியான இருப்பிடத்தை முன்பே கேளுங்கள். புல் வேண்டுமென்றால் செப்டம்பர், அக்டோபரில் போங்கள். புளூஸ்டெம் புல் அப்போது ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். ஏப்ரலில்தான் போவேன் என்றால் தீயைப் பார்க்கப் போங்கள், மூச்சுத் தொந்தரவு உள்ளவர்களை அழைத்துப் போகாதீர்கள்.

நான் இணையத்தில் விமர்சனம் எழுதியதும் நிறுவனம் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் படம்பிடித்து அனுப்பியது. நிறுவனத்துக்குப் பாதகமாக எழுதினால் 500 டாலர் என்று அதில் ஒரு விதி. இப்படிப்பட்ட விதி செல்லாது என்று 2016லேயே அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றிவிட்டது. அந்தச் சட்டத்தின் பெயரை மட்டும் பதிலாக எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து வேறொருவர் மிகவும் பணிவாக எழுதினார்: விமர்சனத்தை நீக்கிவிட்டால் அடுத்த ஏப்ரலில் நாங்கள் தங்க 15 விழுக்காடு தள்ளுபடி தருவார்களாம். அந்த மின்னஞ்சலையும் புகாரோடு சேர்த்துவிட்டேன்.