ஒற்றைக் கண் வரைகிற பிள்ளையை எங்கே சேர்ப்பது?

அண்ணன் மகள் பிளஸ் ஒன், காமர்ஸ் குரூப். அவளுடைய அக்கவுண்டன்சி நோட்டின் கடைசிப் பக்கங்கள் முழுக்கக் கண்கள்தான், அதுவும் ஒற்றைக் கண்கள், மறுபக்கத்தில் முடி விழுந்து மறைத்திருக்கும். ஏன் என்று கேட்டால், "ரெண்டாவது கண்ணு அதே மாதிரி வராது சித்தப்பா" என்கிறாள். டிசைன் படிக்க வைக்கலாம் என்று வீட்டில் எல்லோருக்கும் சம்மதம். எங்கே என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு.

ஆர்க்கிடெக்சர் பேச்சு ஐந்தே நிமிடத்தில் முடிந்துவிட்டது. பி.ஆர்க் சேர பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் வேண்டும், இவளிடம் இரண்டும் இல்லை. பத்தாவது படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் குரூப் எடுப்பதற்கு முன்பே இதை யோசித்துவிடுங்கள், ஏனென்றால் பி.ஆர்க் படித்தவர் பிற்பாடு டிசைனுக்கும் தாராளமாக மாறலாம். 2010-ல் வந்த ரூபாய்க் குறியீட்டை வடிவமைத்த கள்ளக்குறிச்சிக்காரர் உதயகுமார் அண்ணா பல்கலைக்கழகத்தில் பி.ஆர்க் முடித்து, அப்புறம்தான் ஐஐடி மும்பைக்கு டிசைன் முதுகலை படிக்கப் போனார்.

தனியார் கல்லூரி விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) மூன்றே வருடம், பக்கத்து ஊரிலேயே கிடைக்கும். ஆனால் பல இடங்களில் பாடம் கேமராவையும் மீடியாவையும் சுற்றித்தான் ஓடுகிறது, வரைகிற பிள்ளைக்கு அதில் தீனி குறைவு. தரமணியில் இருக்கிற ஃபேஷன் கல்லூரி நிஃப்ட், உடை வடிவமைப்பில் ஆசை இருந்தால் நல்ல இடம், இவளுக்கு இல்லை.

ஆக, மிஞ்சியது இரண்டு: எழும்பூர் அரசு கவின்கலைக் கல்லூரியில் பிஎஃப்ஏ என்கிற கவின்கலைப் பட்டம், அல்லது என்ஐடி (டிசைனுக்கான தேசிய நிறுவனம்), ஐஐடி பக்கம் பி.டெஸ் என்கிற டிசைன் பட்டம். இரண்டும் நான்கு வருடம். எழும்பூர் 1850-ல் தொடங்கிய இடம், ஓவியர் டிராட்ஸ்கி மருது படித்த கல்லூரி. அங்கே கைதான் முதல். ஓவியம், சிற்பம், செராமிக் என்று பிரிவுகள் உண்டு, விஷுவல் கம்யூனிகேஷன் டிசைனும் உண்டு. அரசுக் கட்டணம் என்பதால் அண்ணனுக்கு மூச்சு வந்தது.

பி.டெஸ் வேறு மாதிரி. ஐஐடி-களுக்கான யுசீட் தேர்வில் 2 மணி நேரம் கம்ப்யூட்டரில், 200 மதிப்பெண். தாளில் வரைவது 1 மணி நேரம், 100 மதிப்பெண். மூன்றில் ஒரு பங்குதான் கைக்கு! மீதியில் பலவும் ஒரு பெட்டியைத் திருப்பினால் எந்தப் பக்கம் தெரியும் என்கிற மாதிரி, மண்டையைச் சுற்ற வைக்கிற கேள்விகள். ஐஐடி மும்பையின் பி.டெஸ்ஸுக்கு எந்த குரூப்பும் சரி என்பது ஆறுதல், ஆனால் அடுத்தடுத்த இரண்டு வருடங்களில் இரண்டு முறைதான் எழுத முடியும். கட்டணமும் லட்சக் கணக்கு.

போட்டோவைப் பார்த்து அச்சு அசலாக வரைகிற பிள்ளை இதில் தானாகத் தேறிவிடும் என்று நம்பிவிடாதீர்கள். "டீ மாஸ்டர் நிற்கிற இடத்திலிருந்து கடை எப்படித் தெரியும், வரை" என்று ஒருநாள் சொன்னேன். ரோட்டில் நின்று பார்ப்பதுபோல் அழகாக ஒரு டீக்கடை வரைந்து, அதற்குள்ளே மாஸ்டரையும் நிறுத்திவிட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளே பார்த்துவிட்டு அழித்தாள். அடுத்த தடவை பாய்லர் பாதித் தாளை அடைத்துக்கொண்டது, அதற்கு மேலே வாடிக்கையாளர்களின் தலைகள் மட்டும், ஓரத்தில் தொங்குகிற வாழைத்தாரின் பின்பக்கம். அதில் ஒரு முகத்திலும் அவளுடைய அழகான கண் இல்லை, ஆனாலும் ஒன்றரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

அதனால்தான் என் ஓட்டு பி.டெஸ்ஸுக்கு. இதே கேள்விக்கு எரிச்சல்பட்டு மறுபடி கண் வரையப் போயிருந்தால் யோசிக்காமல் எழும்பூர் என்று சொல்லியிருப்பேன், அது ஒன்றும் மட்டமான இடமில்லை. இன்னொரு வசதி, யுசீட் ஜனவரியிலேயே முடிந்துவிடும், எழும்பூர் சேர்க்கை பிளஸ் டூ ரிசல்ட்டுக்குப் பிறகுதான், ஆகவே இரண்டுக்குமே முயற்சி செய்யலாம். அண்ணன் வங்கியில் கல்விக் கடன் விசாரித்துக்கொண்டிருக்கிறார். அவளுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை, மாஸ்டர் ஆற்றுகிற டீயை அவர் கண்ணால் பார்த்தால் எப்படி வரைவது என்று நேற்று போன் பண்ணிக் கேட்கிறாள்.