மலை வீட்டுக்குக் கரண்ட்: ஆன்கிரிட் சோலாரா, பேட்டரி வைத்த சோலாரா, ஓடைத் தண்ணீரா?

நீலகிரியில் மஞ்சூருக்கு மேலே இருக்கும் எங்கள் வீட்டில் சோலார் போட்டு இரண்டரை வருஷம் ஆகிறது. போட்ட நாளிலிருந்து யாராவது ஒருவர் வந்து “எதைப் போடலாம், எவ்வளவு ஆச்சு?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தேயிலை எடை போடும் இடத்தில் நின்று ஒரே கதையைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது, எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பேட்டரி கட்சி. அதனால் மற்ற இரண்டைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் கழித்துக்கொண்டு படியுங்கள்.

மலையில் இருப்பவனுக்கு எதற்கு சோலார், உங்கள் ஊர்தானே கரண்ட்டே தயாரிக்கிறது என்று சமவெளிச் சொந்தங்கள் கேட்பார்கள். வாஸ்தவம்தான். பைக்காராவில் 1932-லேயே எடுக்க ஆரம்பித்தார்கள், பிறகு மோயாறு, அதற்கப்புறம் கனடா உதவியோடு குந்தா. எங்கள் தோட்டத்துக்கு மேலே உயரழுத்தக் கம்பி போகிறது, பனி மூடின காலையில் அடியில் நின்றால் ‘ஸ்ஸ்ஸ்’ என்று சீறுவது கேட்கும். அது நேராகக் கீழே இறங்கிப் போய்விடும். எங்களுக்கு வருவது சோலைக்காட்டு ஓரமாகவும் சில்வர் ஓக் நடுவிலும் வளைந்து வளைந்து வரும் ஒரு லைனின் கடைசி முனை. சாயங்காலம் எல்லா வீட்டிலும் கெய்சர் போட்டால் டியூப்லைட் கண்ணடிக்கும். ஆடிக் காற்றில் ஒரு மரம் சாய்ந்தால் போதும். 2019 ஆகஸ்ட் 8-ம் தேதி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த வாரம் எங்களுக்கு ஆறு நாள் கரண்ட் இல்லை. யாரையும் குறை சொல்லவில்லை, அந்த மழையில் கம்பத்தில் ஏறின லைன்மேன்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் இப்படிப்பட்ட மழை இனி எப்போதோ ஒரு முறைதான் வரும் என்று நம்பிக்கொண்டிருக்க எனக்குத் தைரியம் இல்லை.

டீசல் ஜெனரேட்டர் பற்றி ஒரு வரி போதும்: சத்தம், புகை, ஒரு லிட்டருக்கு இரண்டு மூன்று யூனிட்தான் வரும், கேனோடு ஊட்டிக்கும் மஞ்சூருக்கும் அலைய வேண்டும். வீட்டுக் கூரையில் சின்னக் காற்றாடி வைப்பதை யோசித்துவிட்டு விட்டேன், எங்கள் சரிவில் காற்று சுழன்று சுழன்று அடிக்கும், நிலையாக ஒரு திசையில் வராது.

சரி, ஆன்கிரிட், அதாவது லைனோடு இணைத்த சோலார். கோத்தகிரிப் பக்கம் இருக்கும் என் மச்சான் போட்டிருக்கிறார், 3 கிலோவாட். பேட்டரி கிடையாது, பகலில் வருவது வீட்டுக்கு, மிச்சம் லைனுக்கு, இருவழி மீட்டர் கணக்கு வைத்துக்கொள்ளும். பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் வந்தது. அவர் இரண்டு அறையை வாடகைக்கு விடுகிறார், கெய்சர், வாஷிங் மெஷின் என்று இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டிக்கொண்டிருந்தவர். அதைத் தாண்டினால் கட்டணப் படியே மாறிவிடும் என்பது தெரிந்ததுதானே. இப்போது பில்லைக் காட்டிக் காட்டிச் சிரிக்கிறார். இன்னொன்று, கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிது, ஜூன் ஜூலையில் எங்களைப் போல அவர்கள் மூழ்கிக் கிடப்பதில்லை. அதே நீலகிரிதான், ஆனால் கிழக்குச் சரிவுக்கும் மேற்குச் சரிவுக்கும் சோலார் கணக்கே வேறு. விற்க வருகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

அவர்கள் சொல்லாத இன்னொன்றும் உண்டு. போன ஆனியில் ஒரு நாள் மச்சான் போன் செய்தார். “மாப்ள, வெயில் சுள்ளுன்னு அடிக்குது, மேல அத்தனை பேனல் இருக்கு, மிக்ஸி ஓட மாட்டேங்குது!” லைன் போயிருந்தது. லைன் போனால் ஆன்கிரிட் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும், அப்படித்தான் செய்திருப்பார்கள், செய்யவும் வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பியில் கை வைக்கும் மனிதரின் உயிர் போகும். பழுதில்லை, பாதுகாப்பு. ஆனால் விற்ற ஆள் இதை வாயே திறக்கவில்லை, மச்சானும் கேட்கவில்லை. எதற்காக சோலார் போடுகிறோம் என்ற கேள்விக்கு “பில் குறையணும்” என்பது பதிலானால் ஆன்கிரிட்டை அடித்துக்கொள்ள ஆளில்லை. “கரண்ட் போற அன்னிக்கு வெளிச்சம் வேணும்” என்பது பதிலானால் அது கூரையில் கிடக்கும் கண்ணாடிதான்.

எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 170, 180 யூனிட்தான். சோலார் போட்ட சமயத்தில் முதல் 100 எல்லோருக்கும் இலவசம். மிச்சத்துக்கு நான் கட்டியது ஒரு தடவை ஊட்டிக்குக் குடும்பத்தோடு போய்ச் சாப்பிட்டு வரும் காசுகூட இல்லை. அதை மிச்சம் பிடிக்க எந்த சோலாரும் கட்டுப்படியாகாது. ஆக நான் காசுக்காகப் போடவில்லை.

மானியம் பற்றி ஒரு புலம்பல். சொந்தக் கூரை வேண்டும், கனெக்‌ஷன் நம் பேரில் இருக்க வேண்டும், முதலில் கைக்காசைப் போட வேண்டும், மானியம் பின்னால் வரும். எஸ்டேட் லயன் வீட்டில் (தொழிலாளர்களின் வரிசை வீடு) தகரக் கூரைக்குக் கீழே இருப்பவர்களுக்கு இதில் ஒன்றுகூடப் பொருந்தாது. அவர்களுக்குத்தான் லைன் போனால் மெழுகுவர்த்தி, ஈர விறகு, புகை. என் பேட்டரி செட்டுக்கும் மானியம் கிடைக்கவில்லை, ஏனென்றால் அது லைனிலிருந்து வாங்கிக்கொள்ளுமே தவிரத் திருப்பிக் கொடுக்காது. ஆனால் நான் கடன் வாங்கியாவது போட்டேன், அவர்களால் அதுவும் முடியாது.

என்னிடம் இருப்பது: 540 வாட் பேனல் நான்கு, 24 வோல்ட் இன்வெர்ட்டர், 150 ஏ.ஹெச். (ஆம்பியர்-ஹவர்) டியூபுலர் பேட்டரி, அதாவது தண்ணீர் ஊற்றும் லெட் ஆசிட் வகை, இரண்டு. பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்யக்கூடாது என்பதால் கைக்கு வருவது 1.8 யூனிட் என்று வையுங்கள். லைட், ஃபிரிட்ஜ், டிவி, வைஃபை, பையனின் லேப்டாப் எல்லாம் ஓடும். கெய்சர் ஓடாது, போட்டால் இன்வெர்ட்டர் அலறும். 25 லிட்டர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 45-க்குக் கொண்டுபோகவே கிட்டத்தட்ட 0.9 யூனிட், அதாவது ஒரு ஆள் குளித்தால் பேட்டரியில் பாதி காலி. வெந்நீருக்கு இன்னும் தேயிலைச் செடியில் வெட்டின கவாத்துக் குச்சிதான் எரிகிறது, மறைக்க ஒன்றுமில்லை.

குளிரில் பேனல் வேலை செய்யுமா என்று கேட்பவர்களுக்கு: நன்றாகவே செய்யும். பேனலுக்குப் பிடிக்காதது சூடு. ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் இழக்கும், சமவெளிக் கூரையில் பேனல் 60 டிகிரிக்குப் போகும்போது பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். தை மாதத்தில் உறைபனி விழுந்த மறுநாள், வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும்போது, முழுக்கச் செலவழிக்க வழி இருந்தால் என் பேனலில் 9 யூனிட்கூட வரும். ஆடியில் பனிமூட்டம் விலகாத நாட்களில் ஒன்றரை. நிழலும் கெடுக்கும்: ஒரே ஒரு சில்வர் ஓக்கின் நிழல் ஒரு பேனலில் விழுந்தால் வரிசையே சோம்பிப்போகும். பேனலின் கீழ் விளிம்பில் பாசி பிடிக்கும், சரிவைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் மழை கழுவிவிடும். அவ்வளவுதான், பேனல் தொல்லை தராத பிராணி.

பேட்டரிதான் பசு மாடு மாதிரி. தினமும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வற்றிவிடும்.

முதல் மழைக்காலத்தில் ஜூலைக் கடைசியில் இரவு எட்டு மணிக்கே இன்வெர்ட்டர் பீப் அடிக்க ஆரம்பித்தது. போட்டுக்கொடுத்த சமவெளிக் கம்பெனிக்குப் போன் செய்தால் “டிக்கெட் போட்டிருக்கோம் சார்” என்றார்கள். பதினோரு நாள் போட்டிருந்தார்கள். கடைசியில் பஜாரில் லாரி, பிக்கப் பேட்டரி பார்க்கும் தம்பியைக் கூப்பிட்டேன். பையிலிருந்து ஹைட்ரோமீட்டரை எடுத்து, ஒவ்வொரு மூடியாகத் திறந்து, ரப்பர் குமிழை அமுக்கி உறிஞ்சி, மிதவையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். பன்னிரண்டு செல்லில் நான்கில் அமில அடர்த்தி 1180. முழுசாக சார்ஜ் ஏறினால் 1240-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டுமாம்.

“பேட்டரி கெட்டுப்போகலீங்கண்ணா. பட்டினி கெடந்திருக்குது.”

காரணம் வேடிக்கையாக இருந்தது. லெட் ஆசிட் பேட்டரிக்குக் குளிரில் சார்ஜிங் வோல்டேஜ் கொஞ்சம் கூட்டிக் கொடுக்க வேண்டும், செல்லுக்கு டிகிரிக்கு 3 முதல் 5 மில்லிவோல்ட். சின்னக் கணக்குதான், ஆனால் 12 செல், 15 டிகிரி வித்தியாசம் என்று பெருக்கினால் அரை வோல்ட்டுக்கு மேல் வருகிறது. கம்பெனி ஆட்கள் அவர்கள் ஊர் வெயிலுக்கு வைக்கும் அளவையே எங்களுக்கும் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். மெனுவில் ஒரு எண், 28.2. அதை 28.8 ஆக்கினான், லைன் வந்த ஒரு இரவு முழுக்க மெதுவாக ஏற்றவிட்டான், நான்கில் மூன்று செல் எழுந்துவிட்டது, ஒன்று இன்னும் கொஞ்சம் மந்தம். கூலி 400 ரூபாய், ஒரு டீ.

என்னைப் பேட்டரி கட்சியில், அதிலும் பழைய டியூபுலர் கட்சியில் நிறுத்திவைத்திருப்பது இந்தச் சம்பவம்தான். மலையில் எந்தப் பொருளை வாங்கினாலும் எத்தனை யூனிட், எத்தனை வருஷ வாரண்டி என்பதெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம். கெட்டால் அன்றைக்கே கை வைக்க யார் இருக்கிறார்கள்? டியூபுலரில் கை வைக்க மஞ்சூரில் ஆள் இருக்கிறார், எமரால்டில் இருக்கிறார், டிஸ்டில்டு வாட்டர் மளிகைக் கடையில்கூடக் கிடைக்கிறது. கடைசியில் செத்தாலும் ஈயத்தை எடைக்கு எடுத்துக்கொண்டு புதிய பேட்டரியில் விலை குறைப்பார்கள். இன்னொரு லாபம், சூடுதான் இந்தப் பேட்டரிக்கு எமன், எங்கள் குளிரில் ஆயுள் கூடும். குளிரில் கொள்ளளவு கொஞ்சம் சுருங்கும் என்பது அதற்குத் தரும் விலை. தரையில் வைக்காமல் பலகை மேல் வைத்தேன், படுக்கையறையில் வைக்கவில்லை, சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும்.

லித்தியம் பற்றிக் கேட்பீர்கள். எடை குறைவு, தண்ணீர் ஊற்ற வேண்டாம், 80, 90 சதவீதம் வரை பயன்படுத்தலாம், போட்டதில் கிட்டத்தட்ட முழுசும் திரும்ப வரும். டியூபுலரில் ஐந்தில் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். காகிதத்தில் லித்தியம்தான் ஜெயிக்கும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக்கூடாது, அது வீட்டுக்குள் வைத்தால் பிரச்சினை இல்லை. ஆனால் நான் சொந்தமாக ஓட்டிப் பார்த்ததில்லை. தெரிந்த ஒரே வீட்டில் உள்ளே இருக்கும் போர்டு போய், பெட்டியையே கீழே அனுப்பி, ஏழு வாரம் இருட்டில் இருந்தார்கள். ஒரு வீட்டை வைத்து முடிவு சொல்வது நியாயமில்லை, தெரியும். என் மனதில் அந்த ஏழு வாரம்தான் நிற்கிறது.

மூன்றாவது, ஓடை. எங்களுக்கு மேல் வளைவில், பவர்ஹவுஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். தோட்டத்து ஓடையிலிருந்து மூன்று இஞ்ச் குழாயில் 25 மீட்டர் கீழே இறக்கி ஒரு சின்ன டர்பைனைச் சுற்றவிட்டிருக்கிறார். நொடிக்கு 2 லிட்டர் தண்ணீர், 25 மீட்டர் உயரம், பெருக்கினால் 490 வாட், உராய்வெல்லாம் போகக் கையில் பாதி. கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் இது ராத்திரியும் ஓடும், ஒரு நாளைக்கு 6 யூனிட் பக்கம். என் இரண்டு கிலோவாட் பேனல் மழைக்காலத்தில் இதன் கால் தூசுக்குச் சமம்.

வேலையும் அதற்குத் தக்கபடி. மழை நாளில் இரண்டு தடவை போய் வாய்ப்பகுதியில் அடைத்த இலையை அள்ள வேண்டும். போன வருஷம் காட்டெருமை குழாயை மிதித்துவிட்டது. மாசி பிறந்தால் தண்ணீர் நூலாகிவிடும், சித்திரை வரை மெஷின் தூங்கும். எல்லாவற்றுக்கும் மேல் ஓடை வேண்டும், சரிவு வேண்டும், அந்தப் பெரியவரும் வேண்டும். எனக்கு மூன்றும் இல்லை, அதனால் இதைப் பற்றி அதற்கு மேல் பேச எனக்குத் தகுதியில்லை.

கரியமிலக் கணக்கு கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாட்டின் கிரிட்டில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு. அந்தக் கணக்கில் மச்சான்தான் ஜெயிக்கிறார், அவர் பேனலில் வருவது முழுக்க யாருக்கோ பயன்படுகிறது. என் பேட்டரி தையில் பத்தரை மணிக்கே நிரம்பி, மிச்ச வெயில் சும்மா போகிறது. இப்படி மிஞ்சுவதைப் பெரிய அளவில் சேமித்து வைக்கத்தான் எங்கள் மலையில் குந்தா நீரேற்றுத் திட்டம். 500 மெகாவாட், மிஞ்சின கரண்ட்டில் அவலாஞ்சி-எமரால்டு தண்ணீரைப் போர்த்திமந்துக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்குவார்கள். அதுவும் ஒரு பேட்டரிதான், என்னுடையதைவிடக் கொஞ்சம் பெரிசு. ஏற்கெனவே புல்வெளியையும் சோலையையும் மூழ்கடித்துக் கட்டின அணைகளுக்கு நடுவில் என்பதால் அதைப் பாராட்டுவதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

பெரியவர் வீட்டு டர்பைனில் ஒரு விஷயம், அதற்கு எப்போதும் ஏதாவது சுமை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேகமெடுத்துப் பறக்கும். அதனால் வீட்டில் செலவாகாத கரண்ட்டை ஒரு டிரம் தண்ணீரில் ஹீட்டர் காயில் போட்டுக் கரைக்கிறார். ஆடியில் என் பேட்டரி பட்டினி கிடக்கிற அதே ராத்திரி அவர் டிரம்மில் ஆவி பறக்கிறது. போன வாரம் டீ குடிக்கும்போது அவரே ஆரம்பித்தார்: “ஒரு கேபிள் இழுத்துக்கோங்க தம்பி, கோடையில உங்க வெயில எனக்குத் திருப்பிக் குடுங்க.” அளந்து பார்த்தோம், வேலியோரமாகச் சுற்றி வந்தால் 180 மீட்டர். ஊட்டியில் கேபிள் விலை கேட்டு வைத்திருக்கிறேன்.