டிவிஆரா, என்விஆரா, வைஃபை கேமராவா: உங்கள் வீட்டுக்கு எது?

நாலு கேமரா போட வேண்டும் என்று சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் சிசிடிவி கடையிலோ போய் நின்றால், முதல் கேள்வி பெரும்பாலும் "2 எம்பியா, 5 எம்பியா?" என்றுதான் வரும். அதற்குப் பதில் சொல்லும் முன் வீட்டில் ஒரு விஷயத்தைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. சுவருக்குள் ஏற்கெனவே என்ன கேபிள் ஓடுகிறது? புதிதாக இழுக்க வழி இருக்கிறதா? டிவிஆர், என்விஆர் என்ற இரண்டு வகைப் பதிவுப் பெட்டிகள், மெமரி கார்டு போட்ட வைஃபை கேமரா, கம்ப்யூட்டரில் ஓடும் சாஃப்ட்வேர் என்று நான்கு வழிகள் இருந்தாலும், இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தாலே இரண்டு கழிந்துவிடும். மெகாபிக்சலை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

டிவிஆருக்குப் போகும் கேமரா, படத்தை அனலாக் சிக்னலாகக் கோஆக்சியல் கேபிளில் அனுப்பிவிடும். அதை டிஜிட்டலாக்கி, சுருக்கி, ஹார்டு டிஸ்கில் எழுதுவதெல்லாம் பெட்டியின் வேலை. என்விஆரில் அந்த வேலையைக் கேமராவே செய்கிறது. சுருக்கிய வீடியோ நெட்வொர்க் கேபிள் வழியாக வரும், பெட்டி அதை வாங்கிச் சேமிக்கும். டிவிஆர் கேமரா மலிவாகவும், என்விஆரோடு சேரும் ஐபி கேமரா விலை கூடுதலாகவும் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பெட்டியின் பின்பக்கம் பிஎன்சி முனைகள் (கோஆக்சியல் கேபிளைச் சொருகித் திருகும் வட்ட முனைகள்) வரிசையாக இருந்தால் அது டிவிஆர்.

பழைய கேபிள் இருக்கும் வீடு

அனலாக் என்றதும் கோடு கோடாக ஓடும் அந்தக் காலத்து மங்கல் படத்தை நினைக்க வேண்டாம். சிவிஐ, டிவிஐ, ஏஎச்டி என்ற மூன்று முறைகள் வந்த பிறகு அதே கோஆக்சியல் கேபிளில் 1080பி படமும், அதற்கு மேலும் வருகிறது. இப்போது கடையில் "5 இன் 1" என்று விற்கும் பெட்டி இந்த மூன்றையும், பழைய சாதாரண அனலாக்கையும், சில ஐபி கேமராக்களையும் ஏற்றுக்கொள்ளும். பத்து வருடத்துக்கு முன் கேமரா போட்ட வீட்டில் 3+1 கேபிள் (கோஆக்சியலோடு மெல்லிய வயர்களும் சேர்ந்தது) நன்றாக இருந்தால், பெட்டியையும் கேமராவையும் மட்டும் மாற்றினால் போதும். சுவரை உடைக்க வேண்டாம், பெயின்ட் அடிக்க வேண்டாம். டிவிஆருக்கு இருக்கும் பெரிய பலம் இதுதான், சின்ன பலம் இல்லை.

இன்னொரு பலம் தூரம். தோட்டத்து கேட், மாட்டுக்கொட்டகை, கிணற்று மோட்டார் ரூம் என்று வீட்டைவிட்டுத் தள்ளி இருக்கும் இடங்களுக்கு நல்ல கோஆக்சியல் கேபிள் நூறு மீட்டரைத் தாண்டியும் படத்தைக் கொண்டுவரும். ஆனால் 3+1 கேபிளில் கூடவே போகும் மெல்லிய பவர் வயர் அவ்வளவு தூரத்துக்கு 12 வோல்ட்டைச் சரியாகக் கொண்டுசேர்க்காது. பகலில் ஓடும் கேமரா, ராத்திரி இன்ஃப்ராரெட் விளக்கு எரிந்ததும் அணைந்து அணைந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். தூரத்துக் கேமராவுக்கு அங்கேயே ஒரு அடாப்டர் வைத்துவிடுவது நல்லது.

டிவிஆர் வாங்கும்போது கண்ணில் மண்ணைத் தூவும் ஒரு சொல் உண்டு: "லைட்". 1080பி லைட், 1080என் என்றெல்லாம் பெட்டியில் போட்டிருப்பார்கள். முழு 1080பி என்பது 1920×1080 புள்ளிகள். 1080என் என்பது 960×1080. அகலத்தில் பாதியை விட்டுவிட்டு, திரையில் இழுத்துக் காட்டுவார்கள். நேரலையில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. பதிவை ஜூம் செய்து வண்டி நம்பரைப் படிக்கப் பார்க்கும்போதுதான் தெரியும். 5 எம்பி கேமராவை வாங்கி 1080பி லைட் பெட்டியில் சொருகினால் கேமராவுக்குக் கொடுத்த கூடுதல் காசு வீண். எல்லா சேனலிலும் ஒரே நேரத்தில் எந்த அளவில், நொடிக்கு எத்தனை ஃபிரேம் பதிவாகும் என்று விவரத்தாளில் பாருங்கள். வீட்டுக்கு முழு 1080பியில் 15 ஃபிரேம் தாராளம்.

கடலோர ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஸ்க்ரூ போட்டு இறுக்கும் மலிவு பிஎன்சி முனை உப்புக்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும், படம் ஆட ஆரம்பிக்கும். கிரிம்ப் செய்த (கருவியால் நசுக்கிப் பொருத்திய) முனையும், அதை மூடிவைக்க ஒரு பிளாஸ்டிக் பெட்டியும் கேட்டு வாங்குங்கள்.

புதிதாகக் கட்டும் வீடு

இங்கே எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை: என்விஆர். பூச்சு வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு கேமரா இடத்துக்கும் ஒரு கேட்6 நெட்வொர்க் கேபிள் இழுத்துவிட்டால், படமும் மின்சாரமும் ஒரே கேபிளில் போகும். இதற்குப் பெயர் பிஓஇ. அடிப்படைத் தரமான 802.3ஏஎஃப் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை கொடுக்கும். சாதாரண வீட்டுக் கேமராவுக்கு அது போதும். சுழலும் கேமராவுக்கு 30 வாட் கொடுக்கும் 802.3ஏடி தேவைப்படலாம். ஒரு கேபிளின் எல்லை 100 மீட்டர். வீட்டுக்குள் அது பிரச்சினையே ஆகாது.

கேபிளில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். சந்தையில் கேட்6 என்று விற்பதில் ஒரு பகுதி, அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பி. சும்மா இன்டர்நெட்டுக்கு அது ஓடிவிடும். பிஓஇ மின்சாரம் போகும்போது தடை அதிகமாகி வோல்ட்டேஜ் விழும், கம்பி சூடாகும். கண்டுபிடிக்க மீட்டர் எதுவும் வேண்டாம். கம்பியின் மேற்பரப்பைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் அந்தச் சுருளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பெட்டியையும் கேமராவையும் ஐந்து வருடத்தில் மாற்றுவோம், சுவருக்குள் போன கேபிளை மாற்ற மாட்டோம்.

என்விஆரிலும் இரண்டு வகை. பிஓஇ போர்ட்டுகள் பெட்டியிலேயே இருப்பது ஒன்று. வெறும் பெட்டியை வாங்கித் தனியாக பிஓஇ சுவிட்ச் (பல கேமரா கேபிள்களை ஒன்றாகச் சேர்க்கும் நெட்வொர்க் கருவி) வைப்பது இன்னொன்று. நான்கு கேமரா போடும் வீட்டுக்கு முதல் வகைதான் சுலபம். சொருகினால் கேமரா தானாக வந்துவிடும். அதோடு பல மாடல்களில் அந்தப் போர்ட்டுகளுக்கு பெட்டி தனி உள்வலை ஒன்றை வைத்திருக்கும். கேமரா டிராஃபிக் வீட்டு ரூட்டருக்கு வராது, கேமராவும் நேரடியாக இன்டர்நெட்டைத் தொடாது. மாடியிலும் கீழேயும் கேமரா பிரிந்திருந்தால் இரண்டாவது வகை வசதி. மாடியில் ஒரு சுவிட்ச், அங்கிருந்து கீழே ஒரே ஒரு கேபிள்.

"எந்தக் கம்பெனி கேமராவும் ஓடும், ஓன்விஃப் இருக்கு சார்" என்பார்கள். பாதி உண்மை. ஆக்சிஸ், பாஷ், சோனி மூன்றும் சேர்ந்து 2008இல் தொடங்கிய அந்தப் பொதுத் தரத்தால் படம் வரும், பதிவாகும். ஆனால் ஆள் நடமாட்டத்தைப் பிரித்துக் காட்டுவது, குறிப்பிட்ட கோட்டைத் தாண்டினால் எச்சரிப்பது போன்ற வசதிகள் வேறு கம்பெனிப் பெட்டியில் வேலை செய்யாமல் போகலாம். அந்த வசதிகளுக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் இரண்டையும் ஒரே கம்பெனியில் எடுங்கள். இன்னொன்று, பெட்டி ஒரே நேரத்தில் எத்தனை எம்பிபிஎஸ் (நொடிக்கு எத்தனை மெகாபிட்) உள்வாங்கும் என்ற எண். எட்டு சேனல் என்று போட்டிருந்தாலும் உள்வாங்கும் திறன் 40 எம்பிபிஎஸ் என்றால், 6 எம்பிபிஎஸ் அனுப்பும் எட்டு கேமராவுக்கு அது போதாது.

வாடகை வீடு, ஒற்றைக் கேமரா

துளை போட்டால் வீட்டு ஓனர் அட்வான்ஸில் கழிப்பார் என்ற நிலையில் வைஃபை கேமராதான் வழி. வயதான அம்மாவை அலுவலகத்திலிருந்து பார்த்துக்கொள்ள, கதவருகில் கூரியர் வந்ததா என்று பார்க்க, இது போதும். பெட்டி இல்லை, மெமரி கார்டில் பதிவாகும். அதிலும் சாதாரண கார்டு வேண்டாம். இடைவிடாமல் எழுதுவதைத் தாங்குவதற்கென்றே "ஹை எண்ட்யூரன்ஸ்" கார்டு தனியாக விற்கிறார்கள்.

திருட்டுக்காக என்றால் எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. கேமராவைக் கழற்றிக்கொண்டு போனால் பதிவும் அதோடு போய்விடும். மாதச் சந்தா கட்டிக் கிளவுடில் வைத்தால் அது தீரும், ஆனால் இரண்டு மூன்று வருடச் சந்தாவைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இந்தக் கேமராக்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும் ஓடும். அடுக்குமாடியில் அந்த அலைவரிசை நெரிசலாக இருக்கும். கடைசியில், எதிர்காலத்தில் என்விஆர் வாங்கும் எண்ணம் இருந்தால் ஆர்டிஎஸ்பி (வீடியோவை வேறு கருவிக்கு அனுப்பும் பொது முறை) அல்லது ஓன்விஃப் உள்ள மாடலை இப்போதே எடுத்துவிடுங்கள்; பிறகு இதே கேமராவைப் பெட்டியில் சேர்க்கலாம்.

நான்காவது வழி, கம்ப்யூட்டர். விண்டோஸில் புளூ ஐரிஸ், லினக்ஸில் இலவசமான ஃபிரிகேட், சைனாலஜி நாஸ் (நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்பு) பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு கேமரா உரிமம் இலவசமாக வரும் சர்வைலன்ஸ் ஸ்டேஷன். ஆளையும் நாயையும் பிரித்துச் சொல்வதில் ஃபிரிகேட் அருமை. ஆனால் வீட்டில் அதைப் பார்த்துக்கொள்ளும் ஆள் நீங்கள் ஒருவர்தான் என்றால், நீங்கள் வெளியூர் போன அன்று அது நின்றுபோனால் யாருக்கும் எதுவும் தெரியாது. கம்ப்யூட்டர் பைத்தியங்களுக்கு மட்டும்.

எத்தனை நாள் பதிவு நிற்கும்?

இதில் கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை, கணக்கு எளிது. 1 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு கேமரா நாள் முழுக்க எழுதினால் 10.8 ஜிபி. நான்கு கேமரா, தலா 2 எம்பிபிஎஸ் என்றால் நாளுக்கு 86.4 ஜிபி, 1 டிபி டிஸ்க் பதினொரு நாள் தாங்கும், 2 டிபி இருபத்து மூன்று நாள். வீடியோவைச் சுருக்கும் முறையில் எச்.264க்குப் பதில் எச்.265 வைத்தால் கிட்டத்தட்ட அதே தரத்துக்கு இடம் பாதியளவு குறையும். அசைவு இருக்கும்போது மட்டும் பதிவு செய்யலாம்தான். ஆனால் ராத்திரி இன்ஃப்ராரெட் விளக்கைத் தேடி வரும் பூச்சியும், பூச்சியைத் தேடி வரும் சிலந்தியும் கேமரா முன்னால் வலை பின்னி விடிய விடிய அசைவு காட்டிக்கொண்டிருக்கும். மாதம் ஒருமுறை ஒட்டடைக் கம்பால் துடைப்பதும் பராமரிப்புதான்.

டிஸ்க் வாங்கும்போது டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போல இருபத்து நான்கு மணிநேரமும் எழுதுவதற்கென்றே செய்ததை எடுங்கள். சீரியல் நம்பரைப் போட்டு கம்பெனி தளத்தில் வாரண்டி பார்த்தால், பழைய டிஸ்கைத் துடைத்துப் புதிது என்று கொடுத்திருக்கிறார்களா என்பது பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும்.

ரூட்டரோடு இணைக்கும்போது

2016 அக்டோபரில் இணையதளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித்தரும் (டிஎன்எஸ்) அமெரிக்க நிறுவனமான டைன் தாக்கப்பட்டு ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பல தளங்கள் தடுமாறின. தாக்கியது மிராய் என்ற நிரல். அது பிடித்துவைத்திருந்த படையில் வீடுகளிலும் கடைகளிலும் இருந்த டிவிஆர்களும் ஐபி கேமராக்களும் ஏராளம். உள்ளே நுழைய அது செய்த வித்தை ஒன்றும் பெரிதில்லை, தொழிற்சாலை பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. ஆகவே பாஸ்வேர்டை மாற்றுவது முதல் வேலை. ரூட்டரில் யுபிஎன்பியை (கருவிகள் தாமாகவே வெளிவழி திறந்துகொள்ள விடும் வசதி) அணைப்பது, போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து நேராகப் பெட்டிக்கு வழி திறப்பது) செய்யாமல் இருப்பது அடுத்தது. நம் ஊர் பிராட்பேண்ட் இணைப்புகள் பலவற்றில் பொது ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதால் போர்ட் ஃபார்வர்டிங் எப்படியும் வேலை செய்யாது. வெளியிலிருந்து பார்க்க கம்பெனி ஆப் போதும். அதன் சர்வர் வழியாகப் போக மனமில்லை என்றால் டெயில்ஸ்கேல் போல ஒரு விபிஎன்.

பெட்டிக்கு ரூட்டரில் நிலையான ஐபி ஒதுக்கிவிடுங்கள். புதிதாக வரும் கருவி 192.168.1.64 அல்லது 192.168.1.108 போன்ற முகவரியோடு வரும். உங்கள் ரூட்டர் 192.168.0 வரிசையில் இருந்தால் பெட்டி கண்ணுக்கே தெரியாது. அப்படியானால் பெட்டி கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம், முகவரியை மாற்றினால் வந்துவிடும். மொபைலில் படம் திக்கித் திக்கி வந்தால் ஆப்பில் குறைந்த தரத்தில் வரும் சப் ஸ்ட்ரீமுக்கு மாற்றுங்கள். கரண்ட் போகும்போது பெட்டி மட்டும் இன்வெர்ட்டரில் ஓடிப் பயனில்லை. ரூட்டர், பிஓஇ சுவிட்ச், டிவிஆர் என்றால் கேமராவுக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ், எல்லாமே அதே லைனில் இருக்க வேண்டும்.

வாங்கும்போது ஒரு காகிதம் கேளுங்கள். 2025 ஏப்ரல் 9 முதல் இணையத்தோடு இணையும் சிசிடிவி கேமராக்கள் மத்திய அரசு வகுத்த பாதுகாப்புச் சோதனையைத் தாண்டினால்தான் இங்கே விற்பனைக்கு வரலாம். உங்கள் மாடல் எண்ணுக்கு அந்தச் சான்று இருக்கிறதா என்று பில் போடும் முன் பார்த்துவிடுங்கள்.

கடிகாரத்தையும் யாரும் கவனிப்பதில்லை. பெட்டியில் என்டிபியை (இணையத்திலிருந்து நேரம் வாங்கும் வசதி) இயக்கி நேர மண்டலத்தை +5:30 என்று வைத்தால் நேரம் தானாகச் சரியாக இருக்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது அதன் ஹாஷ் மதிப்போடு (பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) சான்றிதழும் தர வேண்டும். அந்த நிலையில் பதிவின் மேல் இருக்கும் நேரம் நாற்பது நிமிடம் தள்ளி இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார்.

மாட்ட வந்தவர் கிளம்பும் முன், முந்தின ஒரு மணிநேரத்தில் நீங்கள் சொல்லும் பத்து நிமிடத்தைப் பென் டிரைவில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதை உங்கள் லேப்டாப்பில் ஓட்டிப் பாருங்கள். அட்மின் பாஸ்வேர்டை அவர் போன் நம்பராக வைத்திருந்தால் அங்கேயே மாற்றி, மறந்தால் மீட்பதற்கு உங்கள் மின்னஞ்சலைப் பதிந்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.