மேலிருந்தா, கீழிருந்தா, குறுக்காகவா: மலையில் மிளாவை நெருங்கும் வழிகள்

தென்தமிழ்நாட்டில் மிளா, மலாயில் ருசா, ஆஸ்திரேலியாவில் சாம்பார். மூன்றும் ஒரே மான். சாம்பார் வேட்டைக்குப் போகிறேன் என்று கோலாலம்பூர் செந்தூலில் யாரிடமாவது சொன்னால், இட்லியும் சேர்த்து வாங்கி வா என்கிறார்கள்.

இந்த மானை நாம் இங்கே சுட முடியாது. தீபகற்ப மலேசியாவில் ருசாவுக்கும் கிஜாங் என்கிற கேளையாட்டுக்கும் 2009-இல் லைசென்ஸ் கொடுப்பதை நிறுத்தினார்கள். அந்த நிறுத்தத்தைப் பிறகு நீட்டித்தார்கள். புலிக்கே இரை போதாத காட்டில் நாமும் போய்ப் பங்கு கேட்பது நியாயமில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கதை தலைகீழ். 1860-களில் கப்பலில் கொண்டுவந்து விட்ட மான், இன்று அங்கே கிழக்கு மலைகளெங்கும் பெருகிக் கிடக்கிறது. லைசென்ஸ் எடுத்தவர் அரசுக் காட்டில் வருஷம் முழுவதும் பதுங்கிப் போய் வேட்டையாடலாம், இரவில் மட்டும் கூடாது. மெல்பர்ன் பக்கம் டாண்டினோங்கில் இருக்கும் என் தாய்மாமா அப்படி லைசென்ஸ் வைத்திருப்பவர். ஜூன் மாதம் போனால் அவர் ரைபிள் தூக்குவார், நான் பைனாகுலர் தூக்குவேன்.

எங்கள் இருவருக்கும் ஓயாத வாக்குவாதம் ஒன்றுதான்: மலையை எந்தப் பக்கமிருந்து பிடிப்பது?

மிளாவின் கண்ணை ஏமாற்றலாம். அசையாமல் நின்றால் மரம் என்று விட்டுவிடும். காதைக்கூட ஏமாற்றலாம். ஒரு குச்சி முறிந்தால் தலையைத் தூக்கிக் கேட்கும். அடுத்த குச்சி முறியாவிட்டால் மறுபடி மேயப் போய்விடும். மூக்கிடம் மட்டும் எதுவும் நடக்காது. உலு சிலாங்கூர் தோட்டத்தில் காட்டுப்பன்றிக்குப் போன என் தாத்தா, "காத்து முதுகுல அடிச்சா வீட்டுக்குத் திரும்பிடு"ன்னுதான் சொல்வாராம். மலையில் சிக்கல் என்னவென்றால், காலையில் முகத்தில் அடித்த காற்று, நீங்கள் இடம் மாறாமலேயே பத்து மணிக்கு முதுகில் அடிக்கும்.

இரவில் குளிர்ந்த காற்று கனத்து, தண்ணீர் மாதிரி ஓடை வழியாகக் கீழே வடியும். வெயில் சரிவில் விழுந்து மண் சூடானதும் அதே காற்று மேலேறும். மாலையில் நிழல் விழுந்ததும் மறுபடி இறக்கம். இது மலையின் சொந்த மூச்சு. முகட்டுக்கு மேலே வீசும் பொதுக்காற்று வேறு கணக்கு. எந்த வழி நல்லது என்று கேட்டால், அந்த நேரத்தில் நம் வாடை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

மாமாவின் கட்சி மேலிருந்து இறங்குவது. முகடு வரைக்கும் ஜீப் பாதை இருக்கிறது, மூச்சு வாங்க வேண்டாம், நாலு சரிவும் கண்ணுக்குத் தெரியும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மான்ஸ்ஃபீல்டைத் தாண்டி ஹௌக்வா ஆற்றுப் பக்கம் போன முதல் நாள் அப்படித்தான் செய்தோம். விடியுமுன் முகட்டில் வண்டியை நிறுத்தி, வெளிச்சம் வந்ததும் ஒரு கிளைமுகடு வழியாக இறங்கினோம். கீழே பள்ளத்தாக்கில் பனிமூட்டம் பாலாகத் தேங்கியிருந்தது. அதைப் பார்த்தே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்: பனி கீழே தேங்குகிறது என்றால் காற்றும் அங்கேதான் போகிறது. இருநூறு அடிகூட இறங்கவில்லை. லாரி ஹாரனை ஒரு தட்டு தட்டினாற்போல் "பாங்க்" என்று ஒரு சத்தம். மிளாவின் எச்சரிக்கைக் குரல். எங்கிருந்து என்றே தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எதிர்ச்சரிவில் வாலைத் தூக்கிக்கொண்டு ஒரு பெட்டை மான் அவசரமே இல்லாமல் ஏறிப் போனது. நாங்கள் அதைப் பார்ப்பதற்குக் கால் மணி நேரம் முன்பே எங்கள் வாடை அதைப் போய்ச் சேர்ந்துவிட்டது.

மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "நீ இருமின, அதான்" என்றார்.

மறுநாள் கீழிருந்து ஏறினோம். இருட்டோடு ஆற்றங்கரைக்கு வந்து, வெளிச்சம் விழுந்ததும் ஓடையை ஒட்டி மேலே. காற்று நெற்றியில் ஐஸ் வைத்தது போல் இறங்கிக்கொண்டிருந்தது, அதாவது சரியான பக்கத்திலிருந்து. தரையில் புதுப் புழுக்கை, உடம்பைத் தேய்த்த மரத்தில் இன்னும் ஈரமான சேறு. ஒன்றரை மணி நேரத்தில் அறுபது மீட்டருக்குள் ஒரு இளம் கிடாவைப் பார்த்தேன். பெரணிச் செடிக்குள் கழுத்து வரை மறைந்து, காதை மட்டும் ஒன்று மாற்றி ஒன்று திருப்பிக்கொண்டிருந்தது. மாமா ரைபிளை மரத்தில் ஊன்றும்போது என் கன்னத்தில் குளிர் நின்றுபோனதை உணர்ந்தேன். காற்று செத்துவிட்டது. அடுத்த நிமிஷம் பிடரியில் லேசாக ஏதோ பட்டது. கிடா தலையைத் தூக்கியது, மூக்கை நீட்டியது, அவ்வளவுதான்.

கீழிருந்து ஏறும் வழியின் பலவீனம் இதுதான். அதற்கு ஒரு கெடு உண்டு. வெயில் சரிவைத் தொட்டதும் அந்த வழி மூடிவிடும். காற்று மாறுகிற அந்த அரை மணி நேரம் எந்தப் பக்கமும் நகரக் கூடாது. உட்கார்ந்து பிளாஸ்க்கில் இருக்கும் தேத்தண்ணியைக் குடிப்பதே உத்தமம். ஒரு லாபமும் இருக்கிறது. நமக்கு மேலே விழுந்த மானை இறைச்சியாகக் கீழே சுமந்து வரலாம். மேலிருந்து இறங்கிப்போய்ச் சுட்டால் அத்தனையும் ஏற்றத்தில் சுமக்க வேண்டும், வளர்ந்த கிடா இருநூறு கிலோவைத் தாண்டும். மாமாவுக்கு வயது அறுபத்திரண்டு. இதை அவரிடம் சொன்னால் ஜீப் பாதையைக் காட்டுகிறார்.

எந்தச் சரிவு எப்போது மாறும் என்பதும் ஊரைப் பொறுத்தது. நமக்கு நிலநடுக்கோட்டுச் சூரியன், கிழக்குச் சரிவு முதலில் சூடாகும் என்று தெரிந்தால் போதும். விக்டோரியாவில் சூரியன் வடக்கே சாய்ந்து போகும், அதனால் குளிர்காலத்தில் வடக்கு பார்த்த சரிவுதான் வெயில் சரிவு. மிளாவும் அங்கேதான் குளிர்காயப் படுக்கும். பத்து மணிக்கு வடக்குச் சரிவில் காற்று ஏறிக்கொண்டிருக்க, அதே முகட்டின் தெற்குப் பக்கம் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும். வெயில் ஏறியபின் வடக்குச் சரிவில் மேலிருந்து இறங்குவதில் தப்பில்லை. மாமாவின் வழி மோசமில்லை என்று நான் ஒத்துக்கொள்வது இந்த ஒரு நேரத்துக்கு மட்டும்.

ஆனால் வயதான கிடா இந்த இரண்டு வழிக்கும் சிக்காது. அது படுக்கும் இடத்தைப் பாருங்கள்: முகட்டுக்குச் சற்றுக் கீழே, சரிவின் மேல் மூன்றில் ஒரு பங்கில், காற்று மறைவான பக்கம். முகட்டைத் தாண்டி விழும் பொதுக்காற்று முதுகுப்பக்க வாடையைக் கொண்டுவரும். பகலில் ஏறுகிற காற்று கீழே இருப்பதைச் சொல்லும். கண் கீழே பார்த்துக்கொண்டிருக்கும். மேலிருந்து போனாலும் தெரியும், கீழிருந்து போனாலும் தெரியும். திறந்திருப்பது பக்கவாட்டு மட்டுமே.

அதனால் என் ஓட்டு குறுக்கு நடைக்கு. மானின் மட்டத்துக்கே ஏறி, சரிவை வெட்டிக்கொண்டு, காற்று ஒரு கன்னத்தில் பட நடப்பது. ஒவ்வொரு கிளைமுகட்டின் மூக்கிலும் உடம்பைக் காட்டாமல் படுத்து, அடுத்த பள்ளத்தைப் பைனாகுலரில் அங்குலம் அங்குலமாகத் துழாவ வேண்டும். முழு மானைத் தேடக் கூடாது. ஒரு காது, மரங்களுக்கு நடுவே படுக்கையாக ஒரு முதுகுக்கோடு, அவ்வளவுதான் முதலில் தெரியும். நம் வாடை ஒரு ஓரமாக ஒழுகிப் போய்விடும், பார்க்கப்போகிற பள்ளத்துக்குள் போகாது. ஆபத்து ஓடையைக் கடக்கும்போதுதான். அங்கே காற்று சரிவின் பேச்சைக் கேட்காது, ஓடையின் போக்கில் மேலோ கீழோ உருவிக்கொண்டு போகும். எவ்வளவு உயரத்தில் முடியுமோ அங்கே கடந்து, நிற்காமல் வெளியே வந்துவிட வேண்டும். கணுக்காலுக்கு இது தண்டனை. ஒரு கால் எப்போதும் உயரத்தில், ஒரு கால் பள்ளத்தில், மூன்றாம் நாள் நொண்டினேன். ஆனால் கிடாவைப் படுக்கையிலேயே பார்த்ததும் அந்த நாளில்தான். மாமா ஒரே தோட்டாவில் முடித்தார்.

நான்காவதாக, ஒரே இடத்தில் உட்கார்ந்து காத்திருக்கும் வழி. இரண்டு முகடுகளுக்கு நடுவே தாழ்ந்த இடத்தில், தடத்துக்குக் காற்று மறைவில் மாலையில் உட்காரலாம். வேலை செய்யும். எனக்குப் பொறுமை இல்லை, குளிரும் ஆகாது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்குத் தகுதியும் இல்லை.

வள்ளியிடம் போய் "இந்தப் பக்கம் மான் வந்ததா" என்று கேட்ட வேடனுக்குக் காற்றைப் பற்றிய கவலை இல்லை, அவர் தேடியது வேறு. நமக்குக் காற்று பார்க்க ஏதாவது வேண்டும். விக்டோரியாவில் டால்க் பவுடர்க் குப்பி வைத்திருக்கிறார்கள். நான் விபூதி கொண்டுபோகிறேன். கழுவிய கண் மருந்துக் குப்பியில் போட்டு ஒரு அமுக்கு அமுக்கினால் புகையாக வந்து பத்துப் பதினைந்து அடி போகிற போக்கைக் காட்டும். பழனி விபூதி வேண்டாம், மணக்கும். கோயிலில் தரும் சாதா விபூதி போதும். ஊதுபத்தியைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம்.

இதைப் பழகிப் பார்க்க விக்டோரியா போகத் தேவையில்லை. ஞாயிறு காலை பெட்டாலிங் ஜெயா பக்கத்துக் காட்டுக் குன்றான புக்கிட் காசிங்கில் ஏறி ஒவ்வொரு திருப்பத்திலும் குப்பியை அமுக்கிப் பாருங்கள். நான் கண்ட வித்தியாசம் இது: அங்கே பத்து மணிக்கும் அடர்ந்த மரத்தடியில் விபூதி கீழேதான் போனது. வெயில் இலைக்கூரையிலேயே நின்றுவிடுகிறது, தரை குளிர்ச்சியாகவே இருக்கிறது. மரம் விழுந்து வெளிச்சம் இறங்கிய இடத்தில் மட்டும் மேலேறியது. யூகலிப்டஸ் காடு அப்படி இல்லை, வெயில் தரை வரை வரும், அதனால் காற்றும் சட்டென்று மாறும். அங்கே படித்த கடிகாரத்தை நம் காட்டில் மான் பார்க்கப் போகும்போது நம்பினால், கேமராவில் வால்தான் விழும்.

வரும் ஜூனுக்கு மாமா இப்போதே ஃபோன் பண்ணிவிட்டார். ஆற்றங்கரையில் கூடாரம் போடலாம் என்றேன். "சரி மருமகனே, போடலாம். ஆனா வண்டிய மேல நிறுத்திட்டு இறங்கி வந்து போடுவோம்" என்கிறார்.