ஃபோர் வீல் டிரைவ்னு 4,35,000 ரூபா வாங்கிட்டு டம்மி ஜீப்பைத் தலைல கட்டிட்டாங்க, பழைய ஜீப் தேடுறவங்க தயவுசெஞ்சு படிங்க

இன்னிக்கு மத்தியானம்தான் மெக்கானிக் முன் வீல் ஹப்பைக் கழட்டிக் காட்டினாரு. உள்ள இன்ஜின் பவரை முன் வீலுக்குக் கொண்டு போற ஆக்ஸில் ஷாஃப்ட்டே இல்ல. ரெண்டு பக்கமும் இல்ல. வெளிய ஹப் லாக்கை (கையால திருப்பி முன் வீலுக்கு டிரைவை இணைக்கிறது) மட்டும் வச்சு போல்ட் போட்டு மூடி, மேல புதுசா கருப்பு பெயின்ட் அடிச்சு வச்சிருக்காங்க. வாங்கி 23 நாள்தான் ஆகுது. 4,35,000 ரூபா.

எனக்குப் போடி. மேல பூப்பாறை பக்கம் கொஞ்சம் ஏலத்தோட்டம் குத்தகைக்கு எடுத்துப் பாக்குறேன், தினமும் போடிமெட்டு ரோட்ல 17 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கணும், அதுக்கப்புறம் கடைசி மூணு கிலோமீட்டர் வெறும் மண் பாதை, மழை பேஞ்சா சாதா வண்டி எதுவும் ஏறாது. எங்க பக்கம் ஜீப்புங்கறது பொழப்பு, ஷோக்கு கிடையாது. புது வண்டிக்கு வசதி இல்ல, அதனாலதான் பழைய மஹிந்திரா எம்எம் 540 ஜீப் தேடினேன்.

பழைய ஜீப்பை வாங்கி ரெஸ்டோர் பண்ணி வீடியோ போட்டு விப்பாங்க இல்ல, அந்த மாதிரி ஒரு கடை. 1996 மாடல், "டெய்லி யூஸுக்கு ரெடி, ஃபோர் பை ஃபோர் பக்கா ஒர்க்கிங்"னு வீடியோல சொன்னாங்க. விடிகாலைல கிளம்பி மச்சானையும் கூட்டிட்டு நேர்ல போனேன். நான் போறப்பவே வண்டி ஸ்டார்ட்ல நின்னுச்சு. "உங்களுக்காகத்தான் தம்பி வார்ம் அப் பண்ணி வச்சேன், பழைய டீசல் பாருங்க"ன்னாரு கடை ஓனர். அவரே துணி எடுத்து கண்ணாடியைத் தொடச்சு விட்டாரு. சாவியைக் கையில குடுத்து "நம்ம வண்டினு நினைச்சு ஓட்டிப் பாருங்க"ன்னாரு.

நான் ஒண்ணும் தெரியாம போகல. ஃபோர் வீல் போட்டுப் பாக்கணும்ணேன்னு கேட்டேன். கேட்டேன்ங்க! அதுக்கு அவர் சொன்ன பதில்தான் இப்ப நெனச்சாலும் வயிறு எரியுது. "தம்பி, இது தேவைப்படறப்ப மட்டும் போடுற பார்ட் டைம் ஃபோர் வீல், முன்னாடியும் பின்னாடியும் வேற வேற வேகத்துல சுத்த விடுற டிஃபரன்ஷியல் நடுவுல கிடையாது, காஞ்ச தார் ரோட்ல போட்டுத் திருப்பினா முன்னாடி ஆக்ஸிலும் பின்னாடி ஆக்ஸிலும் ஒண்ணை ஒண்ணு இழுக்கும், பவரை முன்னாடி பின்னாடி பிரிச்சுக் குடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் போயிடும், வாங்கின அன்னைக்கே செலவு வச்சுக்காதீங்க"ன்னாரு. அவர் சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. ஜீப் ஓட்டுற யாரைக் கேட்டாலும் அதத்தான் சொல்வாங்க. உண்மையைச் சொன்னதாலதான் நம்பினேன், இவ்வளவு விவரமா பேசுற மனுஷன், நம்ம வண்டி கெட்டுடக் கூடாதுனு நினைக்கிறாருன்னு நெனச்சேன். ஃபோர் வீல் லிவரை இழுத்துக் காட்டினாரு, டக்குனு விழுந்துச்சு. கீழ குனிஞ்சு பாத்தேன், முன் ஆக்ஸிலுக்குப் பவர் கொண்டு போற ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டும் இருந்துச்சு. அதுக்கு மேல நான் என்ன பாப்பேன்?

50,000 அட்வான்ஸ் அப்பவே யுபிஐல போட்டேன். மீதி 3,85,000 கேஷ்தான் வேணும்னாங்க. பில் கேட்டதுக்கு "பழைய வண்டிக்கு ஏது தம்பி பில்லு"ன்னு சிரிச்சாரு. கடைசில ஸ்டாம்ப் பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்க, அதுல "உள்ளது உள்ளபடி பெற்றுக்கொண்டேன்"னு ஒரு வரி இருந்துச்சு, வீட்டுக்கு வந்துதான் அதை ஒழுங்காப் படிச்சேன்.

மூணாவது நாளே காலைல ஸ்டார்ட் ஆகல, நாலு பேர் தள்ளித்தான் கிளம்புச்சு. போன் பண்ணா "பழைய வண்டினா அப்படித்தான் தம்பி, ஓட்ட ஓட்ட செட் ஆயிடும்". அடுத்த வாரம் நல்ல மழை, மண் பாதைல ஏத்தத்துல லிவரைப் போட்டு ஏத்துறேன், பின் வீல் ரெண்டும் குழி தோண்டுது, மச்சான் இறங்கிப் பாத்துட்டு "மாப்ள, முன் வீல் சுத்தவே இல்லடா"ன்னு கத்துறான். ஒரு பக்கம் பள்ளம், வண்டி மெதுவா பின்னாடி சறுக்குது. கல்லை அண்டைக் குடுத்து நிறுத்தினோம். அன்னைக்கு எதாவது ஆகியிருந்தா யார் பதில் சொல்றது?

அதுக்கப்புறம் ஒவ்வொரு போனுக்கும் ஒரு பதில். "ஹப்பை லாக்ல திருப்பினீங்களா?" திருப்பினேன்ணே. "எங்க மெக்கானிக் ஊருக்குப் போயிருக்காரு, திங்கக்கிழமை கூப்பிடுங்க". திங்கக்கிழமை எடுக்கல. புதன்கிழமை எடுத்து "வெளி மெக்கானிக் யாராச்சும் கை வச்சாங்களா? வச்சிருந்தா நாங்க பொறுப்பில்ல"ன்னாங்க. அதுவரைக்கும் யாரும் தொடவே இல்ல! அப்புறம் வாட்ஸ்அப்ல என்னை பிளாக் பண்ணிட்டாங்க. வீட்டுக்காரி நம்பர்ல இருந்து கூப்பிட்டேன், என் குரல் கேட்டதும் ராங் நம்பர்னு வச்சுட்டாரு. வீடியோக்குக் கீழ போட்ட கமென்ட்டும் அஞ்சு நிமிஷத்துல காணோம். அதே வீடியோ இன்னும் ஓடுது.

இதோட முடியல. வர்ற மாசம் ஆர்சி ரின்யூவல். அதுக்கு சேசிஸ் நம்பரைப் பென்சில்ல தேச்சு எடுக்க வந்தவர் இன்ஜின் நம்பரையும் பாத்துட்டு ஆர்சில இருக்கிறது வேற நம்பர்ங்கறாரு. 540க்கு கம்பெனில வந்தது 2,112 சிசி பெஜோ இன்ஜின், இதுல உக்காந்திருக்கிறது வேற எதோ ஜீப்போட எம்டிஐ இன்ஜின். இன்ஜின் மாத்தினா ஆர்டிஓல அனுமதி வாங்கி ஆர்சில ஏத்தணும், மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவே அதுதான். ஏத்தல. 20 வருஷம் தாண்டின கார், ஜீப்புக்கு ரின்யூவல் ஃபீஸ் 2025ல இருந்து 10,000 ரூபா ஆயிடுச்சு, அதைக் கட்டத் தயாரா இருந்தாலும் இந்த இன்ஜினை வச்சுக்கிட்டு எப்படிக் கொண்டு போய்க் காட்டுறது? இன்னொருத்தர் தலைல இதைக் கட்ட எனக்கு மனசும் வராது.

இன்னொண்ணு, "இது விண்டேஜ் தம்பி, மதிப்பு ஏறிட்டே போகும்"னாரு. 2021ல வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டினாதான் விண்டேஜ். அப்படிப் பதிவு பண்ண வண்டியைக் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, சர்வீஸுக்குன்னு மட்டும்தான் ரோட்டுக்கு எடுக்கலாம், தினப்படி ஓட்டக் கூடாது. டெய்லி யூஸ்னும் சொல்லி விண்டேஜ்னும் சொல்லி ரெண்டு பக்கமும் ஆசை காட்டினாங்க.

ஸ்டேஷன்ல மனு குடுத்து சிஎஸ்ஆர் (மனு ரசீது) வாங்கிட்டேன், சிவில் மேட்டர்னு சொல்றாங்க. நுகர்வோர் ஆணையத்துல நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே கேஸ் போடலாம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸும் இல்ல. நாளைக்கு அதுக்குத்தான் பேப்பர் எல்லாம் எடுத்து வச்சுட்டு இருக்கேன், வீடியோவை முழுசா டவுன்லோட் பண்ணிட்டேன். ரிப்பேருக்கு இன்னும் 1,40,000 ஆகும்ங்கறாரு மெக்கானிக், ஏற்கனவே போன 4,35,000க்கு நகை அடகுல இருக்கு.

என்ன பாக்கணும்னு விவரமா எழுதலாம்னுதான் உக்காந்தேன், இப்ப முடியல. சீக்கிரமா சொல்லிடுறேன். இன்ஜின் ஆறிக் கிடக்கணும்னு முன்னாடியே சொல்லிட்டுப் போங்க, தொட்டுப் பாருங்க, சூடா இருந்தா காலைல ஸ்டார்ட் ஆகாததை மறைக்கிறாங்கன்னு நெனச்சுத் திரும்பி வந்துடுங்க. ஸ்டார்ட்ல ஆயில் மூடியைத் திறந்து பாருங்க, புகை குபுகுபுன்னு வந்தா இன்ஜின் போச்சு. ஆர்சியோட சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் ரெண்டையும் நீங்களே கண்ணால பாத்து ஒப்பிடுங்க. தார் ரோட்ல போட வேணாம்னா சரி, பின் வீலுக்குக் கட்டை வச்சு ஒரு முன் வீலை ஜாக்கில தூக்குங்க, இன்ஜின் ஆஃப், ஹப் லாக், ஃபோர் வீல் லிவர் போட்டு, கியர்லயும் போட்டுட்டு கையால சுத்துங்க. ஃப்ரீயா சுத்துச்சுன்னா முன்னாடி டிரைவ் இல்ல, அவ்வளவுதான். கேஷ் கேட்டா குடுக்காதீங்க.

இந்த மாதிரி வீடியோ பாத்துட்டு எங்கயாவது அட்வான்ஸ் கட்டிட்டுக் காத்திருக்கிறவங்க யாராச்சும் இருந்தீங்கன்னா, பேலன்ஸ் குடுக்கிறதுக்கு முன்னாடி வண்டியை ஈர மண்ணுல இறக்கி ஏத்திக் காட்டச் சொல்லுங்க.